எம்பேர்ல வாரண்ட்டு இருக்குதுங்களா?

மேச்சேரி வட்டாரத்துச் சேரிகளில் காலங்காலமாகக் கேட்கப்பட்டு வருகிற கேள்வி இது. "எம்பேர்ல வாரண்ட்டு இருக்குதுன்னு பேசிக்கறாங்களே, நெசந்தானுங்களா?" கேட்கிறவர் பெரும்பாலும் கேஸ் என்ன என்பதையே மறந்துபோனவராக இருப்பார். ஏழெட்டு வருசத்துக்கு முன்னால் கோயில் திருவிழாவில் நடந்த தகராறு. நம்ம சனங்க வன்கொடுமைச் சட்டத்தில் புகார் கொடுத்த மறுநாளே அந்தப் பக்கம் கொடுத்த எதிர்ப் புகார். அதில் ஏ1, ஏ2 என்று வரிசையாகப் போட்ட பதினெட்டுப் பேரில் இவர் பதினொன்றாவது. முதல் ரெண்டு வாய்தாவுக்குப் போனார். மூன்றாவது வாய்தா அன்றைக்குத் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு எங்கோ வடக்கே குழி போட்டுக்கொண்டிருந்தார். போர்வெல் வண்டிக்கு வாய்தா தெரியாது. அப்புறம் கேஸ் என்னாச்சு என்று வக்கீலுக்கும் தெரியாது, ஏனென்றால் வக்கீலுக்கு பீஸ் போய்ச் சேரவில்லை.

யாரிடம் கேட்கிறார்? வாரண்ட் போட்ட கோர்ட்டிடம் கேட்பதில்லை. கோர்ட்டு மேட்டூரில் இருக்கிறது, பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் போக மாட்டார். போனால் அங்கேயே பிடித்து உள்ளே தள்ளிவிடுவார்கள் என்கிற பயம், அதுவும் வெறும் பயமில்லை, நடக்கக்கூடியதுதான். ஆகவே ஸ்டேஷனுக்குப் போய்வருகிற ஆளிடம் கேட்பார். அந்த ஆள் சில சமயம் கட்சிக்காரர், சில சமயம் கட்டப்பஞ்சாயத்துக்காரர், சில சமயம் நம்ம ஆளாகவே இருப்பார். "இருக்குதுன்னுதான் நெனைக்கறேன். ரைட்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன். டீச்செலவுக்கு ஒரு ஐநூறு குடு" என்பார். ரெண்டு நாள் கழித்து, "இருக்குது. ஆனா இப்பத்திக்கு எடுக்க வேணாம்னு சொல்லி வெச்சிருக்கறேன்" என்பார். அந்த ஒரு வார்த்தையில் ஒரு மனுசனுடைய உடம்பு அடமானத்துக்குப் போய்விடுகிறது. வாரண்ட் உண்மையிலேயே இருந்ததா என்பது கடைசிவரைக்கும் தெரியாது. இல்லாத வாரண்டுக்கு வருசக்கணக்கில் வட்டி கட்டுவது மாதிரி காசு கட்டியவர்கள் உண்டு. இருக்கிற வாரண்ட் தெரியாமல், மகளுக்குப் பந்தல் போட்ட அன்று விடியற்காலையில் கட்டிய லுங்கியோடு வண்டியில் ஏற்றப்பட்டவர்களும் உண்டு.

எந்த ஸ்டேஷன் என்று நான் எழுதப் போவதில்லை. ஒரு ஸ்டேஷனில் ஒரு பெரியவருக்காக நானே போய்க் கேட்டிருக்கிறேன். "வாரண்ட்டு இருந்தா நாங்களே வருவோம், நீ எதுக்குடா வர்ற?" என்றார்கள். அந்தப் பதிலைத்தான் இந்தக் கட்டுரை எதிர்த்துப் பேசுகிறது.

வாரண்ட் போலீசுக்குச் சொந்தமான காகிதமா? சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1973ஆம் வருசத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 70ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 72ஆவது பிரிவாக ஆகியிருக்கிறது. நம்பரும் பேரும் மாறின, சங்கதி மாறவில்லை. கைது வாரண்ட் எழுத்தில் இருக்க வேண்டும். அதில் நீதிபதியின் கையெழுத்து இருக்க வேண்டும், கோர்ட்டு சீல் இருக்க வேண்டும். போட்ட கோர்ட்டு ரத்து செய்யும் வரைக்கும், அல்லது ஆளைப் பிடித்து நிறைவேற்றும் வரைக்கும் அதற்கு உயிர் உண்டு. அதாவது அதற்குக் காலாவதி கிடையாது. இருபது வருசத்துக்கு முன்னால் போட்ட வாரண்ட் நேற்றுப் போட்ட வாரண்ட் மாதிரியேதான். கைது செய்ய வருகிற போலீஸ்காரர் வாரண்டின் சாரத்தைச் சொல்ல வேண்டும், கேட்டால் காட்டவும் வேண்டும். இது பழைய 75, புதிய 77. சட்டப்படி என் வாரண்டை நான் பார்க்கிற முதல் நேரம் என் கையைப் பிடிக்கிற நேரம்தான். அதற்கு முந்தி அதை எனக்குச் சொல்ல வேண்டியவர் யார் என்று சட்டம் சொல்லவில்லை. சம்மனோடு சொல்லியாயிற்று என்று நினைத்துக்கொள்கிறது.

அந்தச் சம்மனின் கதையையும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஆள் வீட்டில் இல்லாவிட்டால் குடும்பத்தில் வயது வந்த ஆண்பிள்ளையிடம் கொடு என்றுதான் பழைய சட்டம் சொன்னது. ஆம்பளைங்க எல்லாம் லாரிக்கும், செங்கல் சூளைக்கும், திருப்பூருக்கும், பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் போய்விட்ட தெருவில், பொம்பளை வாங்கினால் சம்மன் சம்மனாகாது என்று அரை நூற்றாண்டு ஓட்டினார்கள். 2024இல்தான் அந்த 'ஆண்' என்கிற சொல் போனது. யாரும் இல்லாவிட்டால் வீட்டில் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டலாம். சாளைக்குப் படல் இருந்ததா கதவு இருந்ததா, எங்கே ஒட்டினார், எந்த மழையில் அது கரைந்தது என்று எந்தக் கோர்ட்டும் கேட்டதாக நான் அறியேன். 'ஒட்டப்பட்டது' என்று எழுதி வந்துவிடும். ஆஜராகவில்லை, ஆகவே வாரண்ட்.

2007இல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வரிசையைச் சொன்னது. தனியார் புகார் வழக்குகளில் முதலில் சம்மன் அனுப்பு, வராமல் நழுவினால் ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட் போடு, வேண்டுமென்றே ஏய்க்கிறான் என்று முழுசாகத் தெரிந்தால் மட்டும் மூன்றாவதாக ஜாமீனில் விடமுடியாத பிடிவாரண்ட் போடு. படிக்க நன்றாக இருக்கிறது. 'வேண்டுமென்றே' என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? ஏமாற்றுகிறவனும் எட்டாத தூரத்தில் மண்ணு சுமக்கிறவனும் கோர்ட்டு டவாலி மூன்று தரம் பேர் கூப்பிடும்போது ஒரே மாதிரிதான் தெரிகிறார்கள். ரெண்டு பேரும் அங்கே இல்லை.

"மடியில கனமில்லாதவனுக்கு வழியில பயம் எதுக்கு?" என்று கேட்கிற நல்லவர்கள் இருக்கிறார்கள். படித்தவர்கள், நம் பக்கத்து அனுதாபிகள்கூட. அவர்களுக்கு ஒரு சேதி. இந்த நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். 2022ஆம் வருசத்துத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கு அது. தண்டிக்கப்படாதவர்கள். மடியில் கனமிருக்கிறதா என்று இன்னும் யாரும் அவிழ்த்துப் பார்க்காதவர்கள். வழியில் பயம் மடியைப் பார்த்து வருவதில்லை, தெருவைப் பார்த்து வருகிறது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2015 ஜூனில் ஓமலூர்ப் பையன் கோகுல்ராஜ் கொல்லப்பட்டுப் பள்ளிபாளையத்தில் தண்டவாளத்தில் கிடந்தான். ஓமலூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். அந்தக் கொலையில் முதல் குற்றவாளியாகப் பின்னால் தண்டிக்கப்பட்ட யுவராஜ் மாசக்கணக்கில் தேடப்பட்டார். தேடப்பட்ட அந்தக் காலத்தில் அவர் பேச்சு வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருந்தது, தொலைக்காட்சியில் பேட்டி வந்தது. ஊரே கேட்டது. அக்டோபரில் அவராக வந்து நாமக்கல்லில் சரணடைந்தார். 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனை, 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தீர்ப்பு வந்தது நல்லதுதான். ஆனால் 'தலைமறைவு' என்கிற ஒரே சொல்லை அவருக்கும் போட்டார்கள், திருவிழா கேஸில் பதினொன்றாவது ஆளாக இருந்து ரிக் வண்டிக்குப் போன எங்க மாமனுக்கும் போடுகிறார்கள். ஒருத்தர் தேடுகிறவர்களிடம் பேசிக்கொண்டே மறைந்திருந்தார். இன்னொருத்தர் தான் தேடப்படுகிறோமா என்றே தெரியாமல் வெளிச்சத்தில் நிற்கிறார்.

பக்கத்துத் தர்மபுரியில் வாச்சாத்தி. 1992 ஜூனில் ஊருக்குள் நுழைந்தவர்கள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள். மலையாளிப் பழங்குடிப் பெண்களும் பிள்ளைகளும் சேலம் சிறைக்குப் போனார்கள். உடனே போனார்கள், அதற்கு ஒரு தடங்கலும் வரவில்லை. குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்கள் மீதான தீர்ப்பு வர 2011 செப்டம்பர் ஆயிற்று. அதற்குள் 54 பேர் செத்தே போனார்கள், மீதி 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். யார் வீட்டுக் கதவு ஒரே ராத்திரியில் தட்டப்படும், யாருக்குப் பத்தொன்பது வருசம் ஆகும் என்பதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

சரி, இப்போதுதான் எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அதைச் சும்மா சொல்லிவிட்டுப் போகாமல், நம்ம சனங்களுக்கு அது எந்த அளவுக்கு உதவும் என்று பார்த்துவிடலாம்.

நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் யாரும் காசில்லாமல் தேடலாம். மாநிலம், மாவட்டம், கோர்ட்டு வளாகம் என்று தேர்ந்தெடுத்து, வழக்கு எண்ணாலோ, ஸ்டேஷன் பேரோடு எப்.ஐ.ஆர். எண்ணாலோ, கட்சிக்காரர் பேராலோ தேட முடியும். ஒவ்வொரு வழக்குக்கும் பதினாறு எழுத்தும் எண்ணுமாக ஒரு சி.என்.ஆர். நம்பர் உண்டு, அது கையில் இருந்தால் நேராகத் திறந்துவிடும். வழக்கு அடுத்து எதற்காக வாய்தா போடப்பட்டிருக்கிறது என்கிற இடத்தில் 'என்.பி.டபிள்யூ.' என்றோ 'என்.பி.டபிள்யூ. பெண்டிங்' என்றோ இருந்தால், யார் மேலோ பிடிவாரண்ட் இருக்கிறது என்று அர்த்தம். யார் மேலோ! பதினெட்டுப் பேரில் எந்த ஆள் என்று அந்த ஒற்றை வரியில் இருக்காது. உள்ளே அன்றைய நடவடிக்கைக் குறிப்பு ஏற்றியிருந்தால் தெரியும், ஏற்றாவிட்டால் இல்லை.

பேர் வைத்துத் தேடுவது இன்னொரு கூத்து. அங்கே பேர் இங்கிலீஷில் கிடக்கிறது. மாரியப்பன் என்று அப்பா வைத்த பேரை இங்கிலீஷில் எழுதும்போது நடுவில் 'ஒய்' உண்டா இல்லையா, ஒரு 'பி'யா ரெண்டு 'பி'யா என்பதை எப்.ஐ.ஆர். எழுதியவரின் கை முடிவு செய்திருக்கும். சின்னப்பையன், பெரியபையன், குஞ்சான், கந்தன் என்று ஒரு தெருவில் ஒரே பேரில் நாலு பேர். தகப்பன் பேரும் ஒன்றாகிப் போகும். தேர்தல் பட்டியலில் ஒரு பேர், ஆதாரில் ஒரு பேர், ஊர் கூப்பிடுகிற பேர் வேறு, எப்.ஐ.ஆரில் 'என்கிற' என்று போட்ட பேர் அதைவிட வேறு. இதனால் ஆள் மாறியும் பிடிக்கிறார்கள். நம் பேர்களை நமக்கு வைத்தவர்களும் அவர்களே, தப்பாக எழுதியவர்களும் அவர்களே, கடைசியில் அந்தத் தப்புக்குள் நம்மைத் தேடிப்பிடிக்கச் சொல்கிறவர்களும் அவர்களே.

எப்.ஐ.ஆர். எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 2016 செப்டம்பரில் இளம் வழக்கறிஞர் சங்கம் போட்ட வழக்கில், எப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் வழக்குகள் போன்றவற்றுக்கு விலக்கு. தமிழ்நாடு காவல்துறையின் தளத்தில் அப்படிப் பார்க்கலாம். ஆனால் அதற்கு முந்தைய வழக்குகளுக்கு ஸ்டேஷன் ஏடும் கோர்ட்டு ஏடும்தான் கதி. நம் ஆட்களைத் துரத்துகிற வாரண்டுகளில் பாதி அந்தப் பழைய ஏட்டுக் காலத்தவை.

இன்னும் ரெண்டு பொந்து உண்டு, அங்கே இ-கோர்ட்ஸ் நுழையாது. ஒன்று, ஆர்.டி.ஓ. முன்னால் நடக்கிற அமைதி காப்பு வழக்கு. பழைய 107, புதிய 126. திருவிழா வந்தால், தேர்தல் வந்தால், அம்பேத்கர் சிலை வைத்தால், ரெண்டு பக்கத்திலும் ஆள் எடுத்து நன்னடத்தைப் பத்திரம் எழுதச் சொல்வார்களே, அது. அந்த அதிகாரிக்கும் சம்மன் விடவும் வாரண்ட் விடவும் அதிகாரம் உண்டு. அவர் வருவாய்த்துறை ஆள், அவருடைய ஏடு எந்த நீதிமன்றத் தளத்திலும் இல்லை. இரண்டாவது, செக் கேஸ். பைனான்ஸில் கடன் வாங்கும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெத்துச் செக். 2015இல் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தைத் திருத்தினார்கள். செக்கைத் தன் கணக்கில் போட்டு வாங்குகிறவரின் பாங்குக் கிளை எங்கே இருக்கிறதோ அந்த ஊர்க் கோர்ட்டில் கேஸ் போடலாம். மேச்சேரியில் கையெழுத்துப் போட்ட செக்குக்கு வேறு மாவட்டத்தில் வாரண்ட் பிறக்கும். மேட்டூர் வளாகத்தைத் தேடி, 'ஒண்ணுமில்லை' என்று வந்த பதிலை நம்பி நிம்மதியாகத் தூங்குகிறவன் வீட்டுக்கு வெளியூர்ப் போலீஸ் வரும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமே என்று ஒரு தோழர் சொன்னார். 2005ஆம் வருசத்துச் சட்டம், பத்து ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தால் அதுவும் வேண்டாம். ஒரு ஆளின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று 7(1) சொல்கிறது. என் சுதந்திரத்தை இதைவிடச் சம்பந்தப்படுத்துகிற காகிதம் எது? ஆனால் ஸ்டேஷன் 8(1)(எச்) என்று எழுதி அனுப்பும், குற்றவாளியைப் பிடிப்பதற்குத் தடையாகும் என்று. கோர்ட்டிலோ, நீதிமன்றத்து ஆவணம் வேண்டுமென்றால் நீதிமன்ற விதிப்படி நகல் மனுப் போடு, தகவல் உரிமை வழி வேண்டாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, குஜராத் உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கில். சரி, நகல் மனுவுக்கு வழக்கு எண் வேண்டும். வழக்கு எண் தெரியாமல்தானே ஐயா இத்தனை வீட்டுக் கதவைத் தட்டுகிறோம்.

'பிடிப்பதற்குத் தடை' என்கிற வாதத்தைக் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டும். வாரண்ட் எதற்கு? ஆளைக் கோர்ட்டுக்குக் கொண்டுவருவதற்கு. தன் பேரில் வாரண்ட் இருக்கிறதா என்று கேட்டுக் கோர்ட்டுப் படியேறி வருகிறவன் வந்துவிட்டான். கோர்ட்டுக்கு வேண்டியது நடந்துவிட்டது. நடக்காமல் போனது ஒன்றே ஒன்று: ராத்திரியில் தெருவுக்குள் வண்டி வந்து நிற்பது, தாயும் பிள்ளையும் அழுவது, எதிர்த் தெரு பார்ப்பது. அந்தக் காட்சிதான் யாருக்கோ தேவைப்படுகிறது.

பதிவேடு என்று ஒன்று இல்லாமலும் இல்லை. மும்பைக்காரர் ஒருவரை 2002இல், கோர்ட்டு ஏற்கெனவே ரத்து செய்துவிட்ட வாரண்டை வைத்துக் கைது செய்தார்கள். ரகுவன்ஷ் தேவன்சந்த் பாசின் வழக்கு. அவரால் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போக முடிந்தது. 2011இல் தீர்ப்பு வந்தது. வாரண்ட் போடுகிற ஒவ்வொரு கோர்ட்டும் அதற்கென்று ஒரு பதிவேடு வைக்க வேண்டும், வாரண்டுகளைத் தேதி வரிசையில் அதில் ஏற்ற வேண்டும், அந்த வரிசை எண்ணை வாரண்டின் வலது மேல் மூலையில் எழுத வேண்டும், பதிவேட்டில் ஏறாமல் எந்த வாரண்டும் வெளியே போகக் கூடாது. தெளிவான வார்த்தைகள். ஆகவே பதிவேடு இருக்க வேண்டும். அதில் என் பேர் எந்தப் பக்கத்தில், எந்த வரிசையில் என்று கோர்ட்டுக்குத் தெரியும், ஸ்டேஷனுக்குத் தெரியும், ஐநூறு வாங்கிய ஆளுக்குத் தெரியும். பேருக்குச் சொந்தக்காரனுக்கு மட்டும் அதைத் திறந்து காட்டச் சொல்லி அந்தத் தீர்ப்பில் இல்லை.

பொட்டனேரியில் மேச்சேரிச் செம்மறிக்கென்று அரசு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மேச்சேரி ஆட்டுக்குப் பேர் அதன் தோலுக்காக. அந்தத் தோலை உரித்துப் பதம் பண்ணியவர்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும். அங்கே எந்தக் குட்டிக்கு எந்தத் தாய், எந்தக் கிடா என்று ஏடு உண்டு. ஆட்டுக்கு ஏடு அதன் நலத்துக்கு. நமக்கு ஏடு எப்போதும் நமக்கு எதிராகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் அது சென்னை மாகாணத்துக்கு வந்தது. சேலம் ஜில்லாக் குறவர்கள் பிறந்ததற்காகவே ஏட்டில் ஏற்றப்பட்டார்கள், ரேகை வைத்தார்கள், ஸ்டேஷனில் ஆஜர் சொன்னார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல் அது ஒழிந்தது, மறுவருசமே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் என்று வேறு பேரில் ஏடு திறந்தார்கள். 2024 அக்டோபரில் சுகன்யா சாந்தா வழக்கில்தான் சிறைப் பதிவேடுகளில் இருக்கிற சாதிக் கட்டத்தை அடித்துவிடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. அதுவரைக்கும் சிறை ஏட்டில் சாதிக்கென்று தனிக் கட்டம் இருந்தது, சட்டப்படியே.

தண்டோராவையும் மறந்துவிட வேண்டாம். 1908ஆம் வருசத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஜப்தியை எப்படி அறிவிப்பது என்று எழுதியிருக்கிறது: பறையடித்து அல்லது வழக்கமான வேறு முறையில். ஊர்க்காரனுடைய நிலம் ஜப்திக்கு வந்தால் அவனுக்கும் ஊருக்கும் சேதி சொன்ன கையும் தோலும் நம்முடையவை. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் கடிதம் போட்டு தண்டோரா வழக்கத்தை நிறுத்தச் சொன்னார். நல்லது, சுமை ஒன்று இறங்கியது. அரசாங்கத்தின் சேதியை நூறு வருசத்துக்கு மேல் வீடுவீடாகச் சொன்னவர்களின் வீட்டுக்கு, அவர்களைப் பற்றிய சேதியைச் சொல்ல ஒரு ஆள் இல்லை.

அப்படியானால் வாரண்ட் பட்டியலை ஊர்ப் பலகையில் ஒட்டிவிடலாமா? இல்லை, இங்கே நிதானம் வேண்டும். அமெரிக்காவில் பல கவுண்டிகளில் ஷெரீப் அலுவலகத் தளத்தில் பேரைத் தட்டினால் வாரண்ட் தெரிந்துவிடும். யார் பேரையும் யாரும் தட்டலாம். வேலை கொடுக்கிறவன் தட்டுவான், வீட்டுக்காரன் தட்டுவான். அந்தத் தகவலை வாங்கி விற்கிற கம்பெனிகள் தனி. அவ்வளவு பகிரங்கம் கறுப்பின மக்களைக் காப்பாற்றியதா? மிசூரி மாநிலத்தில் பெர்கூசன் என்று ஒரு சின்ன ஊர், ஏறக்குறைய 21,000 சனம். 2014 ஆகஸ்டில் மைக்கேல் பிரவுன் என்கிற கறுப்பின இளைஞன் போலீசால் சுடப்பட்ட ஊர். அமெரிக்க நீதித்துறை 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கைப்படி, 2014 டிசம்பரில் அந்த ஊர்க் கோர்ட்டு போட்டு நிலுவையில் இருந்த வாரண்டுகள் 16,000 பேருக்கு மேல். வெளியூர்க்காரர்களும் சேர்த்துத்தான். வண்டி அபராதம் கட்டவில்லை, வாய்தாவுக்கு வரவில்லை என்பவையே பெரும்பாலும். ஊரில் கறுப்பின மக்கள் 67 சதம், வாரண்ட் போடப்பட்ட வழக்குகளில் அவர்கள் 92 சதம். அபராதத்தை வருமானமாக எண்ணிய நகராட்சி, அதற்கு வாரண்ட் ஒரு வசூல் கருவி. நம்மூரில் வசூல் தனியார் கையில், அங்கே முறையாக ரசீதோடு. ஆகவே எல்லோருக்கும் தெரிவது வேறு, எனக்குத் தெரிவது வேறு. இங்கே பலகையில் ஒட்டினால் முதலில் படிக்கிறவன் தோட்டத்துக்காரனாக இருப்பான். "உம்பேர்ல வாரண்ட்டு இருக்குதாமே, நான் சொன்னா வராம பாத்துக்குவேன், நாளைக்கு மஞ்சக்காட்டுக்கு வந்துரு" என்பான். கைதான பிறகு பேரை ஸ்டேஷனிலும் மாவட்டத் தலைமையிடத்திலும் எழுதிப் போட வேண்டும் என்று பழைய 41சி, புதிய 37 சொல்கிறது. அது வேண்டியதுதான், ஆளைக் காணோம் என்று அலைகிற தாய்க்காக. வாரண்டுக்கு வேண்டியது அந்தப் பலகையில்லை. சம்பந்தப்பட்ட ஆளோ, அவர் அனுப்புகிற பெண்டாட்டியோ பிள்ளையோ கேட்டால், ஸ்டேஷன் வழியாகப் போகாமல், கோர்ட்டு அலுவலகமே அந்தப் பதிவேட்டைப் பார்த்துத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். வழக்கு எண், எந்த வாய்தா, யார் பேரில், உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா. ஆர்.டி.ஓ. ஆபீசும் அப்படியே. இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம், உயர் நீதிமன்றம் ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும்.

நம் அமைப்புகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். சாலை மறியல் என்றால் நூறு பேரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறோம். கேஸ் போடுகிறார்கள். போட்டோ எடுக்கிறோம், போஸ்டர் ஒட்டுகிறோம். மூன்று வருசம் கழித்து வாய்தா வரும்போது அந்த நூறு பேரில் எத்தனை பேரை நம் தலைவர்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? தலைவருக்கு வக்கீல் இருக்கிறார். கொடி பிடித்து வந்த கூலிக்காரனுக்கு வாரண்ட் இருக்கிறது. ஒவ்வொரு கிளையும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எந்த கேஸில் யார் யார், எந்தக் கோர்ட்டு, எப்போது வாய்தா என்று எழுதி வைப்பதை நான் இதுவரைக்கும் ரெண்டு ஊரில்தான் பார்த்திருக்கிறேன். அந்த நோட்டு இல்லாத இடத்தில்தான் ஐநூறு வாங்குகிற ஆள் தலைவராகிறார்.

இருக்கிற வழியைச் சொல்லிவிடுகிறேன். 1987ஆம் வருசத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவில் எஸ்.சி., எஸ்.டி. ஆட்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. பெண்களுக்கு எந்தச் சாதியானாலும் உண்டு. கிறிஸ்தவர்களான நம்ம சனங்களுக்கு 1950ஆம் வருசத்துக் குடியரசுத் தலைவர் ஆணை எஸ்.சி. பட்டத்தைப் பிடுங்கி வைத்திருப்பதால் வருமானச் சான்று காட்டச் சொல்வார்கள், சர்ச்சுக்குப் போனதும் சேரி மாறிவிட்டது போல. தாலுகாக் கோர்ட்டு வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கும், 15100 என்கிற எண்ணிலும் கேட்கலாம். ஆள் முதலில் போக வேண்டாம். வீட்டில் ஒருத்தர் போய் வக்கீலை ஏற்பாடு செய்து, வழக்கைத் தேடிப் பார்த்து, வாரண்ட் இருந்தால் ரத்து செய்யக் கோரும் மனுவைத் தயார் செய்த பிறகு, ஆள் காலையிலேயே கோர்ட்டில் ஆஜராகட்டும். ஏன் வரவில்லை என்பதற்கு வேலைக்குப் போன இடத்துக் காகிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு, எது இருந்தாலும் கொண்டு போகட்டும். ரெண்டு ஜாமீன்தாரர் கூடவே போவது நல்லது. சொத்து ஜாமீன்தான் வேண்டும், வெளி மாவட்டத்து ஆள் ஆகாது என்றால், மோதிராம் என்கிற கொத்தனாருக்காக 1978இல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்று வக்கீலை எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். அவருடைய சகோதரரின் சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறது என்று ஜாமீனைத் தள்ளியதைத்தான் அந்தத் தீர்ப்பு கண்டித்தது.

குழுவுக்கு எழுதுகிற மனுவில் ஆளின் பேரை எல்லா விதத்திலும் எழுதுங்கள். ஆதார்ப் பேர், ஓட்டர் லிஸ்ட்டுப் பேர், ஊர் கூப்பிடுகிற பேர், தகப்பன் பேர், தெரு, சாதிச் சான்று எண், எந்த ஸ்டேஷன், உத்தேசமாக எந்த வருசம், என்ன தகராறு, கூட யார் யார் பேர் போட்டார்கள். 'மேற்படியார் மீது வாரண்ட் நிலுவையில் உள்ளதா எனப் பார்த்துச் சொல்லவும், இருப்பின் ரத்து செய்ய வழக்கறிஞர் நியமிக்கவும்' என்று ஒரு வரி போதும். ரெண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் சீலும் தேதியும் வாங்காமல் அந்தப் படியை விட்டு இறங்காதீர்கள்.